கதவைச் சாத்துவது யார் வேலை? கேசினோவின் பொறுப்பு குறித்து ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் காலைத் தேநீரோடு எழும் வாதங்களுள் ஒன்று, ஆள் மாறினாலும் சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. பால்வெட்டிலும் செம்பனையிலும் முப்பது ஆண்டு உழைத்த ஒருவர், 55 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தைச் சில மாதங்களில் சூதாட்டத்தில் கரைத்துவிட்டார் என்ற செய்தி வரும். உடனே மேசை இரண்டாகப் பிரியும். "அவன் கையைப் பிடித்து யாராவது இழுத்தார்களா?" என்று ஒரு பக்கம் கேட்கும். "ஆளைப் பார்த்தாலே தெரியாதா? கடைசிக் காசு வரைக்கும் உருவிக்கொண்டுதானே விட்டிருக்கிறார்கள்" என்று மறுபக்கம் சொல்லும். இரு பக்கமும் 'பொறுப்பு' என்ற ஒரே சொல்லைத்தான் வீசுகின்றன. ஆனால் முதல் பக்கம் பேசுவது ஆடியவரின் குற்றத்தைப் பற்றி, இரண்டாவது பக்கம் பேசுவது ஆட்டம் நடத்தியவரின் கடமையைப் பற்றி. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போய்விடாது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆடியவரின் பங்கைப் பற்றி நம்மிடையே அறிவுரை ஏராளமாக இருக்கிறது. மேடைக்கு மேடை தருமனை இழுத்து வந்து நிறுத்துவதில் குறைவில்லை. ஆகவே இக்கட்டுரை மறுபக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் ஆடும் ஒருவர்பால் கேசினோவுக்கு என்ன கடமை இருக்கிறது, அது எங்கிருந்து பிறக்கிறது, எங்கே முடிகிறது என்பதே கேள்வி.

மளிகைக் கடையின் 555 புத்தகம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறிய நோட்டு. அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். அரிசி, பருப்பு, சார்டின் டின், சிகரெட் என்று மளிகைக் கடைக்காரர் அதில் கடனை எழுதுவார். சம்பள நாளன்று கணக்கை அடைப்போம். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) எதிரே இருந்த கடையில், நான் பள்ளிப் பையனாக நின்றுகொண்டிருந்த ஒரு மாலையில், பக்கத்து வீட்டு அக்காள் வந்து, "அண்ணே, இனிமே அவருக்குக் கணக்குல பீர் கொடுக்காதீங்க. அரிசி பருப்பு மட்டும் கொடுங்க" என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டுப் புத்தகத்தை எடுத்து, நடுப்பக்கத்தில் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே எதையோ எழுதி, "சரிம்மா" என்றார்.

அந்த ஒரு கோட்டில் நம் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த மனிதரைக் குடிக்க வைத்தவர் கடைக்காரர் அல்லர். ஆனால் அவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது, புத்தகம் கையில் இருப்பதால், அவர் மனைவியைவிடக் கடைக்காரருக்கே துல்லியமாகத் தெரியும். மேலும், அவர் குடிக்கக் குடிக்கக் கடைக்காரருக்கு ஆதாயம். இப்போது ஒரு வாக்கும் கொடுத்துவிட்டார். அறிந்திருத்தல், ஆதாயம் பெறுதல், வாக்குக் கொடுத்தல் என்ற இம்மூன்றும் சேரும்போது, "அவர் கேட்டார், நான் கொடுத்தேன்" என்ற பதில் போதாமல் போகிறது. மூன்றில் எது எவ்வளவு கனமானது என்பதில்தான் சட்டமும் மனச்சான்றும் பிரிகின்றன. அதைப் பின்னர் பார்ப்போம்.

இதே சிக்கல் தோட்டத்துக் கள்ளுக்கடையிலும் இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, சம்பளம் வாங்கிய கை, வீட்டுக்குப் போகுமுன் அந்த வாசலைத் தாண்டியாக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். குடிப்பவனைத் திருத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கடை இருக்கும் இடத்தையும் அதை நடத்தும் முறையையும் கேள்வி கேட்டார்கள். நம்மவர்கள் எண்பது ஆண்டுக்கு முன்பே சரியான இடத்தில் விரலை வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேசினோ எப்படிச் சம்பாதிக்கிறது?

கேசினோ ஏமாற்றிச் சம்பாதிக்கிறது என்பது நம்மிடையே பரவலான தவறான எண்ணம். உரிமம் பெற்ற கேசினோவுக்கு ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை. ரூலெட் சக்கரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 கட்டங்கள் உண்டு. ஓர் எண்ணில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி அது விழுந்தால், கட்டிய வெள்ளியோடு 35 வெள்ளி கிடைக்கும். 37 எண்ணிலும் எண்ணுக்கு ஒரு வெள்ளி கட்டினால், மேசைக்கு வந்தது 37, திரும்பிப் போவது 36. மிச்சமான ஒரு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 2.7 விழுக்காடு, எந்த எண் விழுந்தாலும் கேசினோவுக்குத்தான். விதிகளிலேயே கட்டிவைக்கப்பட்ட இந்தப் பங்கைச் சாதக விகிதம் என்று அழைப்போம்.

நமக்குப் பழகிய நாலு நம்பரை, அதாவது நான்கு இலக்க எண்ணில் பணம் கட்டும் குலுக்கலை, இதோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். வழக்கமான பரிசுப் பட்டியலின்படி, 'பெரிசு' என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. கூட்டினால் 6,400. பத்தாயிரம் எண்ணையும் பத்தாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினால் திரும்புவது 6,400தான். சாதக விகிதம் 36 விழுக்காடு. அப்படியானால் கேசினோ தாராளமான இடம் என்றல்லவா ஆகிறது?

ஆகாது, விகிதத்தோடு வேகத்தையும் பெருக்க வேண்டும். நம்பர் கடையில் வழக்கமாக வாரத்துக்கு மூன்று குலுக்கல். குலுக்கலுக்குப் பத்து வெள்ளி என்றால் வாரத்துக்கு 30 வெள்ளி. சராசரி இழப்பு 10 வெள்ளி 80 காசு. கேசினோவில் படங்கள் சுழன்று நிற்கும் சுழல் இயந்திரத்தில் ஆறு வினாடிக்கு ஒரு சுழற்சி என்று கொண்டால், மணிக்கு 600 சுழற்சி. சுழற்சிக்கு ஒரு வெள்ளி, சாதக விகிதம் 8 விழுக்காடு என்று ஒரு கணக்குக்காக வைத்தால், ஒரே மணியில் சராசரி இழப்பு 48 வெள்ளி. குலுக்கலுக்கும் குலுக்கலுக்கும் இடையே நம்பர் வாங்கியவர் தூங்குகிறார், வேலைக்குப் போகிறார், மனைவியிடம் திட்டு வாங்குகிறார். அந்த இடைவெளியே அவருக்குக் காப்பு. இயந்திரத்தின் முன் இருப்பவருக்கு அந்த இடைவெளி கிடையாது.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவே: கேசினோவின் வருமானம் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, பந்தயம், வேகம், நேரம், சாதக விகிதம் ஆகியவற்றின் பெருக்கலைச் சார்ந்தது. ஒருவர் எவ்வளவு நேரம் எழாமல் உட்கார்ந்திருக்கிறாரோ, அவ்வளவுக்கு அது உறுதியாகிறது.

எழ முடியாதவர்

பெரும்பாலோர் எழுந்துவிடுகிறார்கள். விடுமுறைக்குக் கேசினோ இருக்கும் கெந்திங் மலைக்குப் போய், நூறு வெள்ளியை விட்டுவிட்டு, குளிரையும் மூடுபனியையும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. ஆட்டம் தன் பணத்தையும் உறவையும் வேலையையும் தின்பதைக் கண்டும் நிறுத்த முடியாதவரையே சிக்கல் சூதாடி என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்நிலை 1980இலேயே இடம்பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாவதோடு ஒரே பிரிவில் இதைச் சேர்த்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது நான்கு தென்பட வேண்டும் என்பது அதன் அளவுகோல். வர வரக் கூடுதலான பணம் கட்டினால்தான் மனம் அடங்குவது, நிறுத்தப் பார்த்தால் எரிச்சல் பொங்குவது, வீட்டில் பொய் சொல்வது, கடனை அடைக்கப் பிறரை எதிர்பார்ப்பது ஆகியவை அவற்றுள் சில.

அந்த ஒன்பதில் ஒன்றுக்கு நம் மொழியில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: விட்டதைப் பிடித்தல். இழந்த பணம் இழந்ததாக மனத்தில் பதிவதில்லை. மேசையில் அடகு வைத்ததுபோல, இன்னும் கொஞ்சம் கட்டினால் மீட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. இதற்கு எண்ணெய் ஊற்றுவது நூலிழைத் தோல்வி, அதாவது மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்பது. கணக்கின்படி அது முழுத் தோல்வி. மூளைக்கோ அது 'கிட்டத்தட்ட வெற்றி'. நாலு நம்பரில் கடைசி எண் மட்டும் மாறிவிட்டது என்று வாரம் முழுவதும் புலம்புகிறவரைக் கேட்டிருப்பீர்கள். இயந்திரம் அந்தப் புலம்பலை மணிக்குப் பலமுறை கொடுக்கும், புலம்ப நேரம் கொடுக்காது.

கேசினோவுக்கு என்ன தெரியும்?

"ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் யார் நோயாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்ற வாதம் முன்பு ஓரளவு நியாயமாக இருந்திருக்கலாம். இன்றைய கேசினோக்களில் உறுப்பினர் அட்டை வந்துவிட்டது. அட்டையை இயந்திரத்தில் செருகினால், எந்த நிமிடத்தில் உட்கார்ந்தார், எவ்வளவு கட்டினார், தோற்ற பிறகு பந்தயத்தைக் கூட்டினாரா குறைத்தாரா, எப்போது எழுந்தார் என்பதெல்லாம் பதிவாகும். இதுவே கேசினோவின் 555 புத்தகம். வேறுபாடு, இதை எழுதுபவரும் படிப்பவரும் கேசினோ மட்டுமே.

அந்தப் பதிவு எதற்கு? சலுகை கொடுக்க. இலவச அறையும் சாப்பாட்டுக் கூப்பனும் அன்பளிப்பு என்று ஆடுபவர் நினைக்கிறார். அவற்றின் அளவு, அவர் சராசரியாக எவ்வளவு தோற்பார் என்ற எதிர்பார்ப்பு இழப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. பக்கராட் என்ற சீட்டாட்ட மேசையில் ஆட்டத்துக்கு 50 வெள்ளி, மணிக்கு 70 ஆட்டம், நான்கு மணி நேரம் என்றால் மேசையில் புரண்ட தொகை 14,000 வெள்ளி. சாதக விகிதம் ஏறக்குறைய 1.2 விழுக்காடு, எதிர்பார்ப்பு இழப்பு 168 வெள்ளி. அதில் ஒரு பகுதி இரவுச் சாப்பாடாகத் திரும்பி வருகிறது. நீங்கள் அன்று வென்றிருந்தாலும் கணக்கு இதுவேதான்.

ஒருவர் எதிர்காலத்தில் எவ்வளவு தோற்பார் என்று காசுக் கணக்கில் சொல்லத் தெரிந்த நிறுவனம், அவர் பதினெட்டு மணி நேரமாக எழவில்லை என்பதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால், அதை நான் நம்பத் தயாராக இல்லை. இங்கேதான் பொறுப்பு என்ற சொல் விலை கேட்கிறது: அளவோடு ஆடுபவரை விட்டுவிட்டு, மிக நன்றாகச் செலவழிக்கும் வாடிக்கையாளரைத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. 'அளவோடு ஆடுங்கள்' என்ற பலகையை மாட்டுவதற்குச் செலவு இல்லை. அதனால்தான் பலகைகள் நிறைய இருக்கின்றன.

கதவைச் சாத்தும் வழிகள்

நடைமுறையில் உள்ள ஏற்பாடுகளில் முதலாவது சுயவிலக்கு. "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று ஒருவரே எழுதிக் கொடுப்பது இது. தெளிந்த மனநிலையில் இருக்கும் காலை நேரத்து மனிதர், தடுமாறப் போகும் இரவு நேரத்து மனிதருக்கு எதிராகப் போடும் பூட்டு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சாவி தன்னிடம் இல்லாமல் பிறரிடம் இருப்பதுதான் இதன் பலம். அந்தப் பிறர், கதவைத் திறந்தால் ஆதாயம் அடையும் கேசினோவாகவே இருப்பதுதான் இதன் பலவீனம்.

இந்தப் பலவீனத்தைச் சிங்கப்பூர் புரிந்துகொண்டு சட்டம் இயற்றியது. அங்கே 2010இல் இரண்டு கேசினோக்கள் திறக்கும் முன்பே, 2005இல் சிக்கல் சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் அமைக்கப்பட்டது; விலக்கு விண்ணப்பம் அந்த மன்றத்துக்குப் போகிறது. சுயவிலக்கோடு நிற்காமல், மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ விண்ணப்பிக்கும் குடும்ப விலக்கும் உண்டு. மளிகைக் கடை அக்காள் கேட்டதைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். கடனிலிருந்து விடுபடாத திவாலானவர்களும் அரசின் சமூக உதவித்தொகை பெறுவோரும் யாரும் விண்ணப்பிக்காமலே சட்டப்படி விலக்குப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவு வரி கட்ட வேண்டும். ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது, 2019இல் 150 ஆனது. ஜொகூரிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரி கிடையாது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அந்தத் தடை அவர்களுக்கு இல்லை, ஆனால் சுயவிலக்குக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

நார்வே இன்னும் ஆழமாக வெட்டியது. தனியார் சுழல் இயந்திரங்களை 2007இல் அடியோடு அகற்றிவிட்டு, பின்னர் அரசு நிறுவனத்தின் இயந்திரங்களை மட்டும் அனுமதித்தது. அட்டை இல்லாமல் அவற்றில் ஆட முடியாது, அட்டையில் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. கேசினோ எந்தப் பதிவை வைத்துச் சலுகை கொடுக்கிறதோ, அதே வகைப் பதிவு அங்கே நிறுத்துவதற்குப் பயன்படுகிறது.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

பணத்தை இழந்தவர் வழக்குப் போட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதே தேநீர்க்கடையில் எழும் அடுத்த கேள்வி. ஒருவரின் செயலால் பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும்படி சட்டம் சுமத்தும் பொறுப்புக்கு அக்கறைக் கடமை என்று பெயர் வைத்துக்கொண்டு, இரண்டு வழக்குகளைப் பார்ப்போம்.

பிரிட்டனில் பந்தய நாய்களைப் பயிற்றுவிக்கும் ஒருவர், வில்லியம் ஹில் என்ற பந்தய நிறுவனத்திடம் தன் தொலைபேசிக் கணக்கை ஆறு மாதம் மூடும்படி கேட்டார். மூடுவதாகச் சொன்ன ஊழியர்கள் மூடவில்லை. அவர் தொடர்ந்து ஆடி, இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்து, வழக்குத் தொடுத்தார். 2008இல் வந்த தீர்ப்பு நுட்பமானது: பொதுவாகச் சூதாடியைக் காக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை, ஆனால் மூடுவதாக வாக்குக் கொடுத்ததால் அந்த அளவுக்குக் கடமை பிறந்தது, அதை நிறுவனம் மீறியது. இவ்வளவும் சொன்ன நீதிமன்றம், இழப்பீடு மட்டும் கொடுக்கவில்லை. இந்தக் கதவு மூடியிருந்தாலும் அவர் வேறு கதவில் போய் இதே பணத்தை இழந்திருப்பார் என்பது காரணம். கடைக்காரர் கோட்டைத் தாண்டிப் பீர் கொடுத்தது தவறுதான், ஆனால் எதிர்க்கடையில் வாங்கிக் குடித்திருப்பார் என்று சொல்வதைப் போன்றது இது.

ஆஸ்திரேலியாவில் ஒருவர் மெல்பர்னிலுள்ள கிரவுன் கேசினோவில் பக்கராட் ஆடி இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இழந்தார். தன் நோயைத் தெரிந்துகொண்டே கேசினோ தன்னைச் சுரண்டியது என்பது அவர் வாதம். 2013இல் அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சலுகைகளைப் பேரம் பேசி வாங்கியவர், வேண்டாமென்றால் விலகி நிற்கவும் தெரிந்தவர், அவரைப் பலவீனராகக் கருத முடியாது என்றது. எனக்கு இத்தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. பேரம் பேசத் தெரிந்தவருக்கு எழுந்துபோகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது, அந்த நோயைக் கிட்டத்தில் பார்க்காதவர் சொல்லக்கூடிய வாதம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே கேசினோவை 2021இல் ஓர் அரச விசாரணை ஆணையம் துருவிப் பார்த்தது. அடுத்த ஆண்டு, பொறுப்பான சூதாட்டம் தொடர்பான கடமைகளில் தவறியதற்காக ஒழுங்காற்று ஆணையம் 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஓய்வே இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்களும் தடுக்கப்படவில்லை என்பது அம்பலமான செய்திகளுள் ஒன்று. தனி மனிதர் வழக்கில் தோற்ற இடத்தில், உரிமம் கொடுத்த அரசு வென்றது.

சுருக்கமாகச் சொன்னால், கேசினோவின் பொறுப்பு நீதிமன்றத்தில் மெலிந்தும் உரிமத்தில் தடித்தும் இருக்கிறது. இழந்தவருக்குப் பணம் திரும்புவது அரிது. இனி இழக்கவிருப்பவரைக் காப்பதற்கு உரிம நிபந்தனையும் கண்காணிப்பும் அபராதமுமே கருவி.

நம் ஊருக்கு வந்தால்

மலேசியாவில் சட்டப்படி இயங்கும் கேசினோ ஒன்றுதான். கெந்திங் மலையில் 1971 முதல் இயங்கி வருகிறது. 21 வயது நிரம்பாதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. யார் வரக்கூடாது என்று வாசலில் பிரித்தறிவது இயலாத காரியம் அன்று என்பதற்கு இந்த விதிகளே சாட்சி.

ஆனால் இன்றைய தோட்டப்புறச் சிறுநகரங்களில் ஆபத்து மலையிலிருந்து இறங்கிக் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. உரிமம் இல்லாத கைப்பேசி ஆட்டங்களில், மேலே விளக்கிய எதுவும் பொருந்தாது. சுயவிலக்குப் படிவம் கொடுக்க அலுவலகம் இல்லை. அபராதம் விதிக்க உரிமம் இல்லை. கடன் கொடுப்பவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரர். கேசினோ தன் பொறுப்பை நிறைவேற்றவில்லை என்று குறை சொல்லவாவது ஒரு முகவரி வேண்டும். இங்கே அதுவும் இல்லை.

ஆகவே குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால், அவர் எங்கே ஆடுகிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். உரிமம் பெற்ற இடமென்றால் விலக்கு ஏற்பாடு உண்டா, குடும்பத்தார் விண்ணப்பிக்கலாமா என்று எழுத்து மூலம் கேட்கலாம். கேட்ட கடிதத்தின் நகலையும் வந்த பதிலையும் பத்திரப்படுத்த வேண்டும், ஏனென்றால் 2008ஆம் ஆண்டு வழக்கில் கடமையைப் பிறப்பித்தது நிறுவனம் கொடுத்த வாக்குதான். வங்கிக் கடனும் கடன் அட்டைப் பாக்கியும் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி வழிகாட்டும். ஆலோங் கடன் அதன் எல்லைக்குள் வராது. அதற்குப் போலீஸ் நிலையம்தான் போக வேண்டும்.

எங்கள் லயத்து மளிகைக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரர் கோட்டுக்குக் கீழே என்ன எழுதினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அக்காளிடம் கேட்டேன். புத்தகத்தை அவர் எறியாமல் வைத்திருந்தார். மங்கிய மையில் இருந்தது அக்காளின் பெயரும் தேதியும், அதனருகே 'அரிசி பருப்பு மட்டும்' என்ற மூன்று சொற்களும். அதற்குப் பிந்தைய பக்கங்கள் எதிலும் பீர் என்ற சொல் இல்லை.